விழுந்த ஊன்றுகோலை யார் எடுத்துத் தருவது?

இலுப்பைக்கடவையில், மன்னார்–பூநகரி வீதியிலிருந்து சற்று உள்ளே ஒரு வளவு. முற்றம் முழுவதும் மணல். திண்ணையில் ஓர் அக்கா தையல் வேலையோடு இருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 2008 இல் ஊரோடு இடம்பெயர்ந்து கிழக்கே போனவர். 2009 இல் ஷெல் பட்டு வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. அப்போது கையில் சில மாதக் குழந்தை. கணவரையும் அந்த நாட்களில்தான் இழந்தார். மீளக்குடியேறி வந்த பிறகு கோழி வளர்த்து, உடுப்புத் தைத்து, அந்தக் குழந்தையைச் சாதாரண தரம் வரை படிப்பித்துவிட்டார். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது தூணில் சாத்தியிருந்த ஊன்றுகோல் ஒன்று சரிந்து முற்றத்தில் விழுந்தது. மூன்றடி தூரம்கூட இராது. நான் எழும்பி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிவிட்டுச் சிரித்தார்.

“நீ இருந்தபடியால் எடுத்துத் தந்தாய் தங்கச்சி. நீ இல்லாட்டி?”

பிறகு தானாகவே சொன்னார். ஒருநாள் காலையில் கிணற்றடியில் வழுக்கி, இரண்டு ஊன்றுகோலும் இரண்டு பக்கம் போய்விட்டன. மண்ணில் இழுபட்டுப் போய் அவற்றை எடுத்துவிட்டார். ஆனால் பிடித்து எழும்ப ஒன்றும் இல்லை. கைத்தொலைபேசி வீட்டுக்குள். பக்கத்து வளவில் ஆள் இல்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை வெயிலில் அங்கேயே இருந்தார்.

“விழுறது பெரிசில்லை. விழுந்து விழுந்து பழகிப்போச்சு. ஒவ்வொண்டுக்கும் ஒருத்தரைக் கூப்பிடவேண்டிக் கிடக்கே, அதுதான் மனுசரைக் கொல்லுது. பிள்ளை படிச்சுக்கொண்டிருக்கும், கத்தரிக்கோல் விழும். கூப்பிடவோ விடவோ எண்டு கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு இருப்பன்.”

அந்தப் பிள்ளைக்கு உயர்தரம் படிக்க மன்னாரில் இடமும் விடுதியும் கிடைத்திருக்கிறது. போ என்றுதான் தாய் சொல்கிறார். போகமாட்டேன் என்கிறாள் மகள். கிணற்றடியில் தாய் இருந்த அந்தக் காலைப்பொழுதை அவள் மறக்கவில்லை.

திண்ணைக்குக் கீழே ஒரு செம்மஞ்சள் நிற ஊர்நாய் படுத்திருந்தது. பெயர் ஜிம்மி. ஊன்றுகோல் விழுந்த சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. “அக்கா, சில நாடுகளில் இந்த வேலையை நாய் செய்யும்” என்றேன். “இந்தச் சோம்பேறியோ?” என்று சிரித்தார். பிறகு யோசித்துவிட்டு, “உண்மையாத்தானோ? அப்ப அதை எழுது. வாசிச்சுப் பாப்பம்” என்றார். இந்தக் கட்டுரை அப்படித்தான் தொடங்கியது.

கழுதையிலிருந்து வந்த யோசனை

கண் தெரியாதவருக்கு வழிகாட்டும் நாயைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவே ஒரு யுத்தத்தில் பிறந்த விடயம். முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவாலும் குண்டாலும் பார்வையிழந்த படைவீரர்களுக்காக 1916 இல் ஜேர்மனியின் ஒல்டன்பேர்க் நகரில் அத்தகைய நாய்களுக்கான முதலாவது பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது.

கால் இல்லாதவருக்கும் கை வழங்காதவருக்கும் நாய் உதவலாம் என்ற எண்ணம் வருவதற்கு அதன்பின் இன்னும் அறுபது வருடங்கள் சென்றன. அந்த எண்ணம் வந்தது ஒரு பெண்ணுக்கு. அமெரிக்காவைச் சேர்ந்த பொனி பேர்கின் என்ற ஆசிரியை துருக்கியிலும் ஆசியாவின் வேறு இடங்களிலும் இருந்த காலத்தில் ஒரு காட்சியைக் கண்டார். நடக்க இயலாதவர்கள் கழுதைகளின் முதுகில் சட்டி பானைகளைக் கட்டி, அந்தக் கழுதையையே பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக வியாபாரம் செய்தார்கள். அமெரிக்காவிலோ அதே நிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் விடுதிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். வறிய நாட்டில் இருப்பவர் சந்தைக்குப் போகிறார், பணக்கார நாட்டில் இருப்பவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருக்கிறார். இது அவரை உறுத்தியது.

கழுதையை அமெரிக்க வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. எனவே நாயை யோசித்தார். 1975 இல் கலிபோர்னியாவில் ‘கனைன் கம்பானியன்ஸ்’ என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். முதலாவது நாயின் பெயர் அப்துல். அதைப் பெற்றவர் கெரி நவ்ஸ் என்ற இளம் பெண். தசைகள் வலுவிழக்கும் நோயினால் சக்கர நாற்காலியில் இருந்தவர். மின்விளக்கைப் போடுவது, கதவு திறப்பது, விழுந்ததை எடுத்து மடியில் வைப்பது என்று அப்துல் பழகிக்கொண்டது. உடல் வலுவிழந்தோருக்கான உதவிநாய் என்று உலகம் இன்று சொல்வது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதை வாசிக்கும் மன்னார் சகோதரிகள் கழுதை என்றதும் சிரிப்பார்கள். மன்னார் நகரத்துத் தெருக்களில் கழுதைகள் கூட்டம் கூட்டமாகத் திரிவது நாங்கள் அன்றாடம் காண்பது. முன்னர் பொதி சுமந்தவை, இப்போது கேட்பாரில்லாமல் வாகனத்தில் அடிபடுகின்றன. அந்தக் கழுதைகளுக்காக மன்னாரில் ‘பிரிஜிங் லங்கா’ என்ற அமைப்பு ஒரு சிகிச்சை நிலையத்தை அமைத்தது. விசேட தேவையுடைய பிள்ளைகளைக் கழுதைகளோடு பழகவிட்டு, தடவவும் நடத்திச் செல்லவும் வைத்து, அவர்களுடைய உடலுக்கும் மனதுக்கும் பயிற்சி கொடுக்கும் வேலையையும் அது செய்தது. பொனி பேர்கின் எங்கோ தெருவில் கண்ட விடயம் சுற்றிச் சுற்றி எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறது என்று சொல்லலாம். கழுதை என்று ஒருவரைத் திட்டும்போது நாங்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

நாய் என்ன செய்யும்?

உதவிநாயின் வேலைகளைக் கேட்டால் மிகச் சின்ன வேலைகளாகத்தான் இருக்கும். விழுந்த திறப்பை எடுத்துத் தரும். கயிறு கட்டிய கதவை இழுத்துத் திறக்கும், மூக்கால் தள்ளிச் சாத்தும். ஆளியை மூக்கால் தட்டி விளக்குப் போடும். காலுறையை, சட்டையின் கையைப் பல்லால் மெல்லப் பிடித்து இழுத்துக் கழற்ற உதவும். தொலைபேசியை எடுத்து வரும். ஆள் விழுந்துவிட்டால் குரைத்து மற்றவரைக் கூப்பிடும். சக்கர நாற்காலியில் இருப்பவர் கடையில் காசு கொடுக்கமுடியாமல் இருந்தால், முன்னங்காலை மேசையில் ஊன்றி எழும்பி, காசுப்பையைக் கடைக்காரரிடம் நீட்டும்.

இந்த ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார். அதற்கு ஒரு நாய் எதற்கு என்று கேட்கலாம். அந்த அக்கா சொன்னதுதான் அதற்குப் பதில். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது தரம். நாற்பது தரமும் இன்னொருவர் தன் வேலையை விட்டு எழும்பவேண்டும். நாற்பது தரமும் கேட்பவர் முகம் பார்க்கவேண்டும். நாய் சலித்துக்கொள்ளாது, நாளைக்குச் சொல்லிக் காட்டாது. ‘இப்பதானே எடுத்துத் தந்தேன்’ என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எடுத்துத் தருவதை அது விளையாட்டாகவே நினைக்கிறது.

அப்படிப்பட்ட நாயை உருவாக்குவது இலேசான காரியம் அல்ல. பெரும்பாலும் லாப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர் இனங்களைத்தான் எடுக்கிறார்கள். வேட்டையில் விழுந்த பறவையைக் கடித்துக் குதறாமல் வாயில் கவ்வி வருவதற்காக வளர்க்கப்பட்ட இனங்கள் அவை. குட்டியை முதல் ஒன்றரை வருடம் ஒரு தொண்டர் குடும்பம் வளர்க்கும். சந்தை, பேருந்து, வைத்தியசாலை என்று எல்லா இடமும் கூட்டிப்போய்ச் சத்தத்துக்கும் சனத்துக்கும் பழக்கும். பிறகு பல மாதம் பயிற்சியாளரிடம். கடைசியாக நாயையும் அதைப் பெறப்போகிறவரையும் ஒன்றாக வைத்து ஏறத்தாழ இரண்டு வாரம் பழக்குவார்கள். இத்தனைக்கும் பிறகு எல்லா நாயும் தேறுவதில்லை. ஏறக்குறைய பாதிதான் தேறும். பூனையைக் கண்டால் ஓடுகிற நாய், வெடிச்சத்தத்துக்குப் பயப்படுகிற நாய் எல்லாம் செல்லப்பிராணியாக வீட்டுக்குப் போய்விடும். ஒரு நாய்க்கு ஆகும் செலவு எங்கள் காசில் பல இலட்சம். கனைன் கம்பானியன்ஸ் போன்ற நிறுவனங்கள் அதை நன்கொடையால் திரட்டி, பெறுபவருக்கு இலவசமாகக் கொடுக்கின்றன.

அலனும் சான்ட்ராவும் எண்டலும்

யுத்தத்தில் காயப்பட்ட ஒருவரின் வீட்டில் ஒரு நாய் என்ன செய்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

அலன் பார்டன் பிரித்தானியக் கடற்படையில் இருந்தவர். 1991 இல் வளைகுடா யுத்தத்தின்போது தலையில் படுகாயமடைந்தார். கால்கள் வழங்காமற் போயின. பேச்சுப் போனது. வாசிக்கவும் எழுதவும் மறந்துபோனது. எல்லாவற்றையும்விடக் கொடியது, ஞாபகத்தில் பாதி அழிந்துவிட்டது. தன்னுடைய கல்யாணம் நினைவில் இல்லை. இரண்டு சிறு பிள்ளைகளை அடையாளம் தெரியவில்லை. பல வருடங்கள் வைத்தியசாலையிலும் புனர்வாழ்வு நிலையத்திலும் கழிந்தன. கோபமும் விரக்தியும் முற்றி, சாகவேண்டும் என்றும் நினைத்தார்.

பத்திரிகைகள் அலனைப் பற்றித்தான் அதிகம் எழுதின. எனக்கு அவருடைய மனைவி சான்ட்ராவைப் பற்றித்தான் யோசனை. கணவனுக்கு உயிர் இருக்கிறது, ஆனால் அவருக்குத் தன்னைத் தெரியாது. பிள்ளைகள் அப்பா என்று போனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உடுப்பு மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது, தூக்கி இருத்துவது எல்லாம் இவர். இப்படியொரு வீட்டை எங்கள் ஊர்களிலும் எத்தனையோ பெண்கள் இன்றும் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

சான்ட்ரா தனக்கென்று ஒரு சின்ன வேலையைத் தேடிக்கொண்டார். உதவிநாய்களைப் பயிற்றும் ‘கனைன் பார்ட்னர்ஸ்’ என்ற அமைப்பில் தொண்டராகக் குட்டிகளைப் பழக்கப் போனார். ஒருநாள் அலனைப் பகல்நேர நிலையத்துக்குக் கூட்டிப்போகும் வாகனம் வரவில்லை. வீட்டில் தனியே விடமுடியாமல் அவரையும் தன்னோடு அழைத்துச் சென்றார். அங்கே எண்டல் என்ற இளம் லாப்ரடோர் ஒன்று இருந்தது. அதற்கு முன்னங்கால் மூட்டுகளில் வருத்தம். உதவிநாயாகத் தேறுமா என்று பயிற்சியாளர்களுக்கே சந்தேகம். சக்கர நாற்காலியில் யாரோடும் சேராமல் இருந்த அலனிடம் அது தானாகப் போனது. அவர் கைதவறி விட்டதை எடுத்து மடியில் வைத்தது. அவர் கவனிக்கவில்லை. அது இன்னொரு பொருளைக் கொண்டுவந்து வைத்தது. இப்படியே கொண்டுவந்து குவிக்க, வருடக்கணக்காகச் சிரிக்காத மனிதர் சிரித்துவிட்டார்.

அலனால் பேசமுடியாது. எனவே நாய்க்குச் சைகை மொழி. தலையைத் தொட்டால் தொப்பி, முகத்தைத் தொட்டால் சவரக்கத்தி என்று தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட சைகைகளை எண்டல் விளங்கிக்கொண்டது. வங்கி இயந்திரத்தில் அட்டையைப் போட்டு, பிறகு அதையும் காசையும் எடுத்துக் கொடுக்கவும் பழகியது. நாயோடு பழகப் பழக அலனுக்குப் பேச்சும் சிறிது சிறிதாகத் திரும்பியது. நாயிடம் அன்பு காட்டப் பழகியவர் பிறகு மனைவியிடமும் பிள்ளைகளிடமும் காட்டினார். பழைய கல்யாணம் ஞாபகத்துக்கு வரவே இல்லை. அதனால் பின்னொரு நாளில் சான்ட்ராவை மறுபடியும் திருமணம் செய்துகொண்டார்.

2001 இல் வாகனத் தரிப்பிடம் ஒன்றில் ஒரு கார் மோதி அலன் நாற்காலியிலிருந்து தூக்கி எறியப்பட்டு மயங்கினார். எண்டல் அவரைப் பக்கவாட்டில் இழுத்துச் சரித்தது. போர்வையை இழுத்து மூடியது. காரின் கீழே போய்க் கிடந்த கைத்தொலைபேசியை எடுத்து முகத்தருகே வைத்தது. அவருக்கு நினைவு திரும்பிய பிறகுதான் உதவி கேட்டு அருகிலுள்ள விடுதிக்கு ஓடிக் குரைத்தது. மூட்டு வருத்தத்தால் தேறாது என்று நினைத்த நாய். 2009 மார்ச்சில் அது இறந்தது. அடுத்த வருடம் அலன், காயப்பட்ட படையினருக்கு உதவிநாய் கொடுக்கும் ‘ஹவுண்ட்ஸ் ஃபோர் ஹீரோஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்.

இப்போதெல்லாம் யுத்தத்தால் மனம் காயப்பட்டவர்களுக்கும் நாய்களைப் பழக்குகிறார்கள். இரவில் கெட்ட கனவு கண்டு அலறும்போது முன்னங்காலால் தட்டி எழுப்பி, விளக்கைப் போட்டு, பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும் நாய்கள். யாருக்கு இது விளங்காவிட்டாலும் எங்களுக்கு விளங்கும்.

எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடவும் கூடாது. 1996 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. கடுமையாக வலுவிழந்த 48 பேரில் நாய் பெற்றவர்களுக்குக் கூலி உதவியாளரின் நேரம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது என்றது. இவ்வளவு பெரிய குறைவா என்று பின்வந்த ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். நாய் சமைக்காது. பிள்ளைக்குத் தலைவாராது. கிணற்றில் தண்ணீர் அள்ளாது. அதற்கும் சாப்பாடு, வைத்தியம், குளிப்பு எல்லாம் வேண்டும். அதைச் செய்யும் கைகள் அனேகமாக அந்த வீட்டுப் பெண்ணின் கைகள்தான்.

சிறைக்குள்ளும் சட்டத்துக்குள்ளும்

இன்னொரு பெண்ணையும் சொல்லாமல் விடமுடியாது. அருட்சகோதரி போலின் குயின். இளம் வயதில் வீட்டைவிட்டு ஓடி, நிறுவனங்களில் அடைபட்டு, துன்பப்பட்டு, கடைசியில் ஜோனி என்ற ஒரு நாயின் துணையால் நிமிர்ந்தவர். இவர் 1981 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பெண்கள் சிறைச்சாலையில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். கைவிடப்பட்ட நாய்களைக் கொண்டுவந்து, சிறையிலுள்ள பெண்களைக் கொண்டு உதவிநாய்களாகப் பயிற்றுவித்தார். யாருக்கும் வேண்டாத நாய், யாருக்கும் வேண்டாத பெண். இருவரும் சேர்ந்து மூன்றாவது ஒருவருக்கு உதவினார்கள். அந்த முறை பிறகு வேறு பல சிறைகளுக்கும் பரவியது. உயர்சாதி நாய்தான் வேண்டும் என்பதில்லை என்பதற்கும் இது ஒரு சாட்சி.

ஆசியாவில் யப்பான் முந்திக்கொண்டது. தக்கராசுக்கா நகரில் விபத்தினால் சக்கர நாற்காலிக்கு வந்த ஒருவரின் வீட்டில் சிந்தியா என்ற லாப்ரடோர் இருந்தது. குழப்படி செய்யும் செல்லநாயாக இருந்து, பின்னர் பயிற்சி பெற்று உதவிநாய் ஆனது. அதைக் கடைக்குள் விடமாட்டோம், ரயிலில் ஏற்றமாட்டோம் என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை, போய்ப் போய்க் கேட்டார். 2002 இல் யப்பானியப் பாராளுமன்றம், வலுவிழந்தோரின் உதவிநாய்களைப் பொது இடங்களிலும் போக்குவரத்திலும் அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. எங்கள் நாட்டில் வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இலேயே வந்தது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. சாய்தளம் இல்லாத அலுவலகப் படியில் ஊன்றுகோலோடு நின்று பார்த்தவர்களுக்கு அவற்றின் நிலை தெரியும்.

சரி, எங்களுக்கு?

கண்ணிவெடி மணந்து பிடிக்கப் பயிற்றிய நாய்கள் இந்த நாட்டில் வேலை செய்திருக்கின்றன. ஆனால் அந்தக் கண்ணிவெடியில் கால் இழந்தவருக்கு ஊன்றுகோல் எடுத்துத் தரும் நாயை மன்னாரில் நாங்கள் கண்டதில்லை. செலவு ஒரு காரணம். வழக்கம் இன்னொரு காரணம். எங்கள் வீடுகளில் நாய்க்கு இடம் முற்றம் வரைதான், அடுப்படிக்குள் வந்தால் அடிவிழும். முஸ்லிம் சகோதரிகளின் வீடுகளில் நாய் வளர்ப்பது மார்க்க ரீதியாகவும் யோசிக்கவேண்டிய விடயம். (ஆனால் 2008 இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், கண் தெரியாத ஒரு மாணவரின் வழிகாட்டிநாய் பள்ளிவாசல் வளவுக்குள் வர மார்க்க அறிஞர்களின் ஆலோசனையோடு அனுமதித்தார்கள்.)

நாய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உதவிநாய் கொடுப்பவர்கள் முதலில் செய்யும் ஒரு வேலையை நாங்களும் செய்யலாம். ‘நீங்கள் ஒரு நாளில் எதற்கெல்லாம் மற்றவரைக் கூப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். அந்த அக்காவும் மகளும் ஒரு நாள் முழுக்க எழுதிப் பார்த்தார்கள். இருபத்தாறு தரம் கூப்பிட்டிருக்கிறார். அதில் பதினெட்டு, ஏதாவது விழுந்ததற்கு.

பதினெட்டில் பாதிக்குமேல் வீட்டிலிருந்த சாமான்களாலேயே தீர்ந்துவிட்டது. முருங்கைக்காய் பறிக்கும் கொக்கத்தடியைக் குறுக்கி வெட்டி, நுனியில் வளைந்த கம்பி கட்டி, இருக்கும் இடத்தில் ஒன்று, படுக்கையடியில் ஒன்று வைத்தார்கள். ஊன்றுகோலின் பிடியில் துணிவளையம் தைத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். விழுந்தாலும் தூரம் போகாது. தையல் ஊசிக்குப் பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். படலையின் கொளுக்கியில் நீளக் கயிறு. கைத்தொலைபேசிக்குக் கழுத்தில் ஒரு சின்னப் பை. கிணற்றடிக்குப் போகும்போதும் அது கழுத்தில் இருக்கவேண்டும் என்பது மகளின் கட்டளை. கிணற்றருகே இரண்டு மரக்குற்றிகளை ஆழமாக நட்டு ஒரு குறுக்குத்தடி போட்டார்கள், பிடித்து எழும்புவதற்கு. அது அயலிலுள்ள ஒரு தம்பியின் வேலை.

ஜெய்ப்பூர் கால் அவரிடம் இருக்கிறது. வெக்கை நாட்களில் புண்படுகிறது என்று கழற்றி வைத்திருந்தார். பலரும் இதைத்தான் செய்கிறார்கள். கால் மெலியும், பெருக்கும். கிண்ணம் பொருந்தாமற் போகும். அது காலின் குற்றமல்ல, திருத்தவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனம் எத்தனையோ ஆயிரம் பேருக்குக் கால் செய்து கொடுத்த இடம். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போவது முன்னரைப்போல் பெரும் பயணமும் அல்ல. புண்ணோடு பொறுத்துக்கொண்டு இருக்காமல் போய்க் காட்டுங்கள்.

ஜிம்மி விடயத்துக்கு வருவோம். ஊர்நாய்க்கு நாற்பது வேலை பழக்கமுடியாது. ஒன்றிரண்டு பழக்கலாம். முறை ஒன்றுதான்: அடிக்கக்கூடாது, அவசரப்படக்கூடாது, சரியாகச் செய்த அந்தக் கணத்தில் கொடுக்கவேண்டும். நாய் பசியோடு இருக்கும் நேரம், ஒரு தரத்துக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தரம். முதலில் ஒரு பழைய செருப்பைப் போடுங்கள். நாய் அதை மணந்தாலே ‘நல்லபிள்ளை’ என்று சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். நாலைந்து நாளில், வாயால் தொட்டால்தான் துண்டு. பிறகு தூக்கினால்தான். பிறகு ஓரடி கொண்டுவந்தால்தான். கடைசியாக உங்கள் கையில் வைத்தால்தான். இடையில் குழம்பினால் ஒரு படி பின்னால் போங்கள். இரும்பைக் கவ்வ நாய்க்குப் பிடிக்காது, ஊன்றுகோலின் நடுவில் துணி சுற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் செய்யவேண்டாம்: நாயைப் பிடித்து ஊன்றி எழும்பவேண்டாம். அதற்கென்று பெரிய நாய்களுக்குத் தனிப் பட்டி பூட்டுவார்கள். ஊர்நாயின் முதுகெலும்பு முறிந்துவிடும், நீங்களும் விழுவீர்கள். விசர்நாய்த் தடுப்பூசியை ஒவ்வொரு வருடமும் தவறாமல் போடுங்கள்.

மகள் விடுதிக்குப் போய்விட்டாள். முதல் கிழமை ஒரு நாளைக்கு ஆறு தரம் தொலைபேசி எடுத்தாளாம். இப்போது இரவில் மட்டும்.

சென்ற கிழமை நான் அக்காவுடன் கதைத்தேன். ஜிம்மியின் படிப்பு எப்படி என்று கேட்டேன்.

“கருவாட்டுத் துண்டு முடியுது, படிப்பு முடியேல்லை. செருப்பைக் கொண்டுவந்து கையில தருது தங்கச்சி, சத்தியமாத் தருது. ஊன்றுகோலை மட்டும் அரைவாசித் தூரம் இழுத்துக்கொண்டு வந்து, அதுக்கு மேல படுத்திடும். நான் கொக்கத்தடியால ரெண்டையும் சேத்து இழுக்கிறன்.”

பின்னால் நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. படலையில் யாரோ வந்துவிட்டார்கள், தைத்த சட்டை வாங்க. பிறகு எடுக்கிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.